பார்த்தால் கறுக்கும் வரி

மற்றவர்கள் அழிப்பதற்கென்றே வாக்கியம் எழுதுவதுதான் ஜெசிந்தாவின் உத்தியோகம். இதற்காக அரசாங்கத்தில் ஓர் இயக்ககமே இருந்தது: ஆவண ஒருமைப்பாட்டு இயக்ககம். ஆணை, அறிக்கை, சான்றிதழ், விளக்கக் கடிதம் என்று எதை எழுதுவதானாலும் ‘நிறைவு’ என்ற மென்பொருளில் ஒரு படிவம் தயாராக இருக்கும். நிரப்ப வேண்டிய இடங்களில் சாம்பல் நிறத்தில் மாதிரி வாசகம் கிடக்கும். அதிகாரி அதை அழித்துவிட்டு உண்மையில் நடந்ததை எழுத வேண்டும் என்பது ஏற்பாடு.

அதிகாரிகள் அழிக்கவில்லை. முன்பெல்லாம் அந்த இடங்களில் ‘இங்கே பெயரை எழுதவும்’ என்றுதான் இருந்தது. ஒரு மாவட்டத்தில் ‘திரு. இங்கே பெயரை எழுதவும்’ என்பவருக்கு வீட்டுமனைப் பட்டா வழங்கப்பட்டது. அமைச்சர் மேடையில் அந்தப் பெயரை இரண்டு முறை வாசித்துவிட்டு யாராவது வருகிறார்களா என்று கூட்டத்தைப் பார்த்தார். அதன் பிறகு அமைந்த வல்லுநர் குழு, அதிகாரிகளைத் திருத்துவதைவிட மாதிரி வாசகத்தைத் திருத்துவது சிக்கனம் என்று கண்டது. அப்படியே விட்டாலும் மானம் போகாத வாக்கியங்கள் வேண்டும். யாருக்கும் பொருந்த வேண்டும். யாரையும் உறுத்தக் கூடாது. அப்படி எழுதுவதில் ஜெசிந்தாவை மிஞ்ச ஆளில்லை என்று பெயர்.

குழு இன்னொன்றும் செய்தது. படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள் என்ற நெடுநாள் புகாரைத் தீர்க்கக் கையெழுத்தையே ஒழித்தது. இப்போது அதிகாரி வரியைப் பார்த்தால் போதும். திரைக்கு மேலிருக்கும் கேமரா அவர் கண்ணைக் கவனிக்கும். பார்த்தும் மாற்றவில்லை என்றால் சம்மதம். சாம்பல் மெல்லக் கறுக்கும். எல்லா வரியும் கறுத்தால் ஆவணம் முடிந்தது. கண்ணில் பட்டால் போதும், மனதில் படவேண்டியதில்லை. இதற்கு ‘விழிச் சம்மதம்’ என்று இயக்குநர் முனைவர் செங்குட்டுவராயன் பெயர் வைத்தார். பெயர் வைப்பதுதான் அவருடைய பங்களிப்பு. முனைவர் பட்டம் எதில் என்று கேட்டவர்கள் இப்போது வேறு மாவட்டங்களில் வேலை பார்க்கிறார்கள்.

ஜெசிந்தாவின் அண்ணன் அமலதாஸ் கடலோரத்தில் ஒரு சாயக் கம்பெனியில் ரசாயனத் தொட்டி கழுவுகிறவன். அங்கே தொழிலாளர்களுக்கென்று ‘தோழன்’ என்று ஒரு செயலி. வேலைக்கு நுழையும்போது கேட்டில் நின்று, “உள்ள வந்துட்டேன்” என்று வாயால் சொல்ல வேண்டும். அதுதான் வருகைப் பதிவு. வீட்டாருக்கும் அந்தக் குரல் போகும். தங்கையிடம் பேசுவதற்கும் அமலதாஸ் அந்தச் செயலியைத்தான் வைத்துக்கொண்டான்.

ஒரு மதியம் அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் குரல் வந்தது:

“ஜெசி, தொட்டிக்குள்ள இருக்கற கேஸ் மணி செத்துப்போச்சிடி. பட்டன அமுக்கிப் பாத்தேன், ஒரு முனகல்கூட இல்ல. சூப்பர்வைசர்கிட்ட சொன்னா, ‘உனக்குத்தான் மூக்கு இருக்குல்ல’ங்கறான். சரி, அத விடு. ஞாயித்துக்கெழம வந்துடு, சங்கரா மீன் வாங்கி வெக்கிறேன். அந்த கேன்டீன் சாம்பாரக் குடிச்சிக் குடிச்சி உனக்கு மூஞ்சே மஞ்சளாயிடுச்சி.”

அவள் சிரித்தாள். பதில் அனுப்ப மறந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே அவன் அந்தத் தொட்டிக்குள் செத்துப்போனான்.

அடக்கம் முடிந்த பிறகு ஒரு நாள் அண்ணி ஸ்டெல்லா தன் போனை நீட்டினாள். அவளுக்கு இறால் கம்பெனியில் தோலுரிக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

“அறிக்கை அனுப்பியிருக்காங்க. நீ படி ஜெசி. நீ படிச்சாதான் எனக்குப் புரியும்.”

ஜெசிந்தா படித்தாள். ‘சம்பவத்தின்போது பாதுகாப்புக் கருவிகள் அனைத்தும் நல்ல நிலையில் இயங்கின. உரிய எச்சரிக்கையை ஊழியர் கவனிக்கத் தவறியதாகத் தெரிகிறது.’

பாதியில் அவள் திரையைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் எழுதியது. போன மழைக்காலத்தில், டீ வருவதற்குள் விபத்து அறிக்கைப் படிவத்தை முடித்துவிடலாம் என்று எழுதியது. அண்ணனின் பெயரையும் தேதியையும் தவிர அந்த அறிக்கையில் வேறு யாரும் எதையும் எழுதியிருக்கவில்லை.

“யாரோ நல்லாப் படிச்சவங்கதான் எழுதியிருக்காங்க” என்றாள் ஸ்டெல்லா. “‘கவனிக்கத் தவறி’ன்னா என்னா? குடிச்சிட்டு எறங்கினாரான்னு எதிர்வீட்டுக்காரி கேக்கறா. ஃபாதர்கூட பூசையில, ‘வேலையில கவனமா இருக்கணும் பிள்ளைகளே’ன்னு பிரசங்கம் வெக்கிறாரு, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே. எனக்கு வேற ஒன்னும் வேணாம். மணி அடிக்கல, அவரு மேல தப்பில்லன்னு ஒரு வரி. அத நான் கண்ணால பாக்கணும்.”

“குடும்பத்துல ஒருத்தர் பாத்தாத்தான் அறிக்கையே முடியும் அண்ணி. யாரு பாத்தது?”

ஸ்டெல்லா யோசித்தாள். “ஆஸ்பத்திரியில ஒருத்தன் போன் மாதிரி பெரிசா ஒரு டேப்ப மூஞ்சிக்கு நேரா நீட்டினான். அவரு பேரு போட்டிருந்துச்சி. அதையே பாத்து அழுதுக்கிட்டிருந்தேன். போதும்மான்னு வாங்கிக்கிட்டுப் போயிட்டான்.”

அண்ணன் சொன்னது தன்னிடம் இருக்கிறதே என்று ஜெசிந்தா தோழனைத் திறந்து அந்தப் பழைய செய்தியைப் போட்டாள். அதே குரல். காலையில் அவனுக்கு வரும் அதே கரகரப்பு.

“ஜெசி, தொட்டி மணி நல்லா வேல செய்யுது.”

அவ்வளவுதான் இருந்தது.

மறுநாள் பக்கத்து மேசை நௌஷாத்தின் முன்னால் போனை வைத்தாள். அவன் ஒத்திசைவுப் பிரிவு. எதையும் சிரித்துக்கொண்டே சொல்வான், அன்று சிரிக்கவில்லை.

“முடிஞ்ச ஆவணம் ஒன்னு சொன்னா, மத்த ரெக்கார்டு எல்லாம் அதுக்கு ஒத்துப்போகணும். அதான் ஒத்திசைவு. முன்னாடி கேஸெல்லாம் எதனால இழுத்துச்சி? ஒரு பேப்பர் ஒன்னு சொல்லும், இன்னொன்னு வேற சொல்லும். பொய்யால யாருக்கும் தொந்தரவில்ல ஜெசி. ரெண்டு பொய் ஒன்னோட ஒன்னு சண்ட போட்டாத்தான் தொந்தரவு.”

“இது எங்கண்ணன் குரல்.”

“தோழன்ல வந்துச்சில்ல? அப்ப அதுவும் ரெக்கார்டுதான்.”

“சங்கரா மீன் எங்க?”

“என்னா மீன்?”

“மீன் வாங்கி வெக்கிறேன்னு சொன்னான். அதையும் காணோம்.”

“சம்பந்தமில்லாதத எடுத்துடும்.”

“எதுக்குச் சம்பந்தமில்ல?”

“அறிக்கைக்கு.” அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான். “அறிக்கை மாறினா இதுவும் மாறும். வேற வழியில்ல.”

அதிகாரியின் பங்குக்கு அறிக்கையைக் கறுக்கவைத்தவர் தொழிற்சாலை ஆய்வாளர் தெய்வசிகாமணி. ஜெசிந்தா தேடிக்கொண்டு போனபோது அவர் வரவேற்று உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவருடைய அறிக்கையைப் பற்றிப் பேச ஒருவர் வந்தது அதுதான் முதல் முறை.

“அறிக்கை எவ்ளோ கச்சிதமா இருக்கு பாத்தீங்களா? மண்டல அலுவலகத்துல படிச்சிட்டுப் பாராட்டினாங்க.”

“நீங்க அந்த மணியப் பாத்தீங்களா சார்?”

“அறிக்கையில இருக்கே, நல்ல நிலையில இருந்துச்சின்னு.”

“தொட்டிக்குள்ள எறங்கிப் பாத்தீங்களா?”

“இந்த உடம்ப வெச்சிக்கிட்டா?” அவர் தன் வயிற்றைக் காட்டினார். “அம்மா, எனக்கு நாலு தாலுக்கா. ஒவ்வொரு தொட்டியா எறங்கினா நான் ஆய்வாளரா, தவளையா?”

“சார், அந்த வரிய எழுதினது நான். மாதிரிக்கு எழுதினது. நீங்க அழிச்சிட்டு உண்மைய எழுதணும்னு.”

தெய்வசிகாமணி நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் பெரிய நிம்மதி தெரிந்தது.

“நீங்க எழுதினதா? அப்ப உங்களுக்கே எல்லாம் தெரிஞ்சிருக்கு. அப்புறம் என்னை ஏம்மா கேக்கறீங்க?”

முடிந்த அறிக்கையை யாரும் திருத்த முடியாது. ஆனால் படிவமே மாறினால், அந்தப் படிவத்தில் சமீபத்தில் முடிந்ததெல்லாம் மறுபடி சாம்பலாகும் என்று நௌஷாத் சொன்னான். “அது பெரிய வேல. இயக்குநர் சம்மதிக்கணும்.”

ஜெசிந்தா விபத்து அறிக்கைக்குப் புதுப் படிவம் தயாரித்தாள். உறுத்தாத வாக்கியங்களை எல்லாம் எடுத்துவிட்டுக் கேள்விகளைப் போட்டாள். ‘எச்சரிக்கை மணியின் பொத்தானைத் தானே அழுத்திப் பார்த்தவர் பெயர் என்ன? மணி அடித்ததா?’ எவ்வளவு நேரம் முறைத்தாலும் கறுக்காத வரிகள் அவை. ஆய்வாளர் தன் பெயரை எழுதி, பதிலையும் எழுதினால்தான் கறுக்கும்.

இயக்குநரிடம் அதை ஒரு முன்மொழிவுப் படிவத்தில் கொண்டுபோனாள். முதல் வரியில் ‘முனைவர் செங்குட்டுவராயன் அவர்களின் தொலைநோக்கின்படி’ என்று போட்டிருந்தாள். அவர் அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். மற்ற வரிகள் அவர் கண் ஓடிய வேகத்திலேயே கறுத்தன.

“கேள்வியாகக் கேட்கிறீர்கள். நமது மரபே அதுதான். ‘வினாவழிப் படிவம்.’ எப்படி?”

“நல்லா இருக்கு சார்.”

“உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று சுற்றறிக்கையில் சேர்த்துவிடுங்கள். இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம்.”

அன்று மாலையே அமலதாஸின் அறிக்கை சாம்பலானது. ஜெசிந்தாவின் போனில் அந்தப் பழைய செய்தியைப் போட்டால் குரலே இல்லாமல் ஓடியது. “அறிக்கை முடிஞ்சதும் நெறஞ்சிடும்” என்றான் நௌஷாத். அவள் ஸ்டெல்லாவிடம், இனி யாராவது ஒருவர் போய் அந்தப் பட்டனை அமுக்கித்தான் ஆக வேண்டும் என்று சொன்னாள். ஸ்டெல்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

யாரும் அமுக்கவில்லை. பெயரை எழுத வேண்டும் என்றதுமே மாநிலம் முழுக்க ஆய்வாளர்களுக்கு முதுகுவலி, விடுப்பு, பயிற்சி வகுப்பு என்று வந்தது. அறிக்கைகள் கேள்வியோடு நின்றன. மழைக்காலம் வந்து போனது. ஒரு நாள் நௌஷாத் லட்டோடு வந்தான். இயக்குநர் அறையில் பட்டாசு தவிர மற்றதெல்லாம் நடந்துகொண்டிருந்தது.

“டெல்லியில விருது. இந்தப் பருவத்துல தொழிற்சாலை விபத்து பூஜ்யம். வினாவழிப் படிவத்தோட சாதனையாம்.”

“விபத்தே நடக்கலயா?”

“முடிஞ்ச அறிக்கை ஒன்னுகூட இல்ல. அறிக்கை இல்லன்னா விபத்து இல்ல.”

ஜெசிந்தா லட்டை எடுக்கவில்லை. “அப்ப எங்கண்ணன்?”

நௌஷாத்தின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. “இறப்புச் சான்றிதழ் எத வெச்சிக் கொடுத்தாங்க?”

“அறிக்கைய வெச்சி.”

அவன் லட்டைத் தாளில் வைத்து மடித்தான். அப்போது ஸ்டெல்லாவின் அழைப்பு வந்தது.

“ஜெசி, உங்கண்ணனுக்கு மெமோ வந்திருக்கு.”

ஜெசிந்தா போய்ச் சேர்ந்தபோது ஸ்டெல்லா கையில் போனோடு வாசலிலேயே நின்றிருந்தாள். திரு. அமலதாஸ் முன்னறிவிப்பின்றிப் பணிக்கு வராதது குறித்து விளக்கம் கேட்டிருந்தது கம்பெனி. கீழே பதில் எழுதுவதற்கான படிவம் திறந்திருந்தது. அதில் சாம்பல் வரி: ‘சொந்த அலுவல் காரணமாகப் பணிக்கு வர இயலவில்லை. நேர்ந்த தவறுக்கு வருந்துகிறேன். உடனே பணியில் சேர்கிறேன்.’

இதுவும் அவள் எழுதியதுதான். மன்னிப்பு கேட்பவர்கள் எல்லாருக்கும் பொருந்தும்படி எழுதியது.

“பாக்காத அண்ணி! போனக் கவுத்து!”

“அவரு பேரு இருந்துச்சி” என்றாள் ஸ்டெல்லா, இன்னும் பார்த்துக்கொண்டே. “பாக்காம எப்படி இருப்பேன்?”

வரி கறுத்து முடிந்திருந்தது.

மறுநாள் காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் இரண்டு பேர் போனிலும் தோழன் பேசியது.

“உள்ள வந்துட்டேன்.”

அமலதாஸின் குரல். கரகரப்போடு. வருகைப் பதிவேட்டுக்குக் குரல் தேவை. ஆகவே குரல் இருந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. கம்பெனி நல்ல வருகைக்கு அவனைப் பாராட்டியது.

நிறுத்தச் சொல்லி எழுதுவோம் என்று ஜெசிந்தா சொன்னபோது ஸ்டெல்லா இறால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு? எதிர்வீட்டுக்காரிக்குப் போட்டுக் காட்டினேன். குடிகாரன் பேசற பேச்சாடி இதுன்னு கேட்டேன். வாய மூடிக்கிட்டுப் போயிட்டா.”

“அண்ணி, அது அண்ணன் இல்ல.”

“எனக்குத் தெரியாதா?” வாளியைக் கவிழ்த்து வைத்தாள். “அவரக் குளிப்பாட்டினவ நானு. காலையில ஒரு தரம் வருது, போவுது. உனக்கு என்னா இடைஞ்சல்?”

ஜெசிந்தாவும் தினமும் அந்த நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில், தெய்வசிகாமணி வந்தார். வண்டியை விட்டு இறங்கும்போதே மூச்சு வாங்கியது. ஒரு முழங்கை முழுக்கச் சிராய்ப்பு, அதில் மருந்து. கையில் டேப்.

“எறங்கிட்டேன்மா” என்றார் ஜெசிந்தாவிடம். “நீங்க சொன்ன தொட்டிதான். பட்டன அமுக்கினேன். அடிக்கல. என் பேர் போட்டு எழுதிட்டேன்.”

அவள் நம்பாமல் பார்த்தாள். “இத்தன மாசம் கழிச்சி என்ன சார் திடீர்னு?”

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மனசாட்சி என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்ததுபோல் இருந்தது. பிறகு அந்த யோசனையைக் கைவிட்டார்.

“என் மருமவன் அந்தக் கம்பெனியில சேந்திருக்கான். வேணாம்டா, வேலைய விடுன்னா பொண்ணு அழுவுது. நாளைக்கு அவன அதே தொட்டிக்குப் போட்டிருக்காங்க. அறிக்கை முடிஞ்சாத்தான் மணிய மாத்துன்னு கம்பெனிக்கு நோட்டீஸ் போவும். முடியாத வரைக்கும் அந்த மணி நல்ல மணிதான்.” டேப்பை ஸ்டெல்லாவின் பக்கம் நீட்டினார். “குடும்பத்துல ஒருத்தர் பாத்தா முடிஞ்சிடும் தாயி. நீங்க கேட்ட வரிதான். அவரு மேல தப்பில்லன்னு போட்டிருக்கேன்.”

ஸ்டெல்லா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“பாத்தா நாளைக்குக் காலையில வருமா?” என்று ஜெசிந்தாவைக் கேட்டாள்.

“என்னாது அண்ணி?”

“அவரு சத்தம்.”

“வராது.”

“அப்ப எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு.”

“தாயி, சின்னப் பையன்மா. கல்யாணமாகி…” தெய்வசிகாமணியின் குரல் உடைந்தது. நாலு தாலுக்காவில் யாரும் கேட்டிராத குரல் அது.

“என் வீட்டுக்காரரு எறங்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?” என்றாள் ஸ்டெல்லா, சுவரிடம். “நான் அன்னைக்குப் பாத்தேன், அவரு குடிகாரராப் போனாரு. அப்புறம் பாத்தேன், வேலைக்குப் போனாரு. இனிமே எதையும் பாக்க மாட்டேன். ஜெசி, நீ சொல்லு அவருகிட்ட.”

டேப் ஜெசிந்தாவின் முன்னால் நீட்டியபடியே இருந்தது. தங்கையும் குடும்பம்தான் என்பது சட்டத்தில் இருந்தது. அந்தச் சட்டத்தின் படிவமும் அவள் கையால் ஆனதுதான். இத்தனை வருடம் மற்றவர்கள் பார்ப்பதற்காக எழுதினாளே தவிர, அவள் பார்த்து எதுவும் கறுத்ததில்லை.

அறிக்கை முடிந்தால் அந்த மதியச் செய்தி நிறையும். அண்ணன் சொன்னது திரும்பக் கிடைக்கும். காலையில் வருகிற ஒரு வார்த்தை போனாலும் அந்தச் செய்தி இருக்கும். அண்ணிக்குப் போட்டுக் காட்டலாம். இப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். டேப்பை வாங்கினாள்.

‘பொத்தானை அழுத்திப் பார்த்தவர்: தெய்வசிகாமணி. மணி அடிக்கவில்லை. ஊழியர் மீது தவறில்லை.’

கண்ணை எடுக்காமல் பார்த்தாள். வரி கறுத்தது. தெய்வசிகாமணி டேப்பை வாங்கிக்கொண்டு நன்றிகூடச் சொல்லாமல் வண்டிக்கு ஓடினார்.

ஸ்டெல்லா திரும்பினாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. தன் போனை எடுத்துத் தோழனைத் திறந்தாள். காலையில் வந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. கடைசியும் போனது.

“அண்ணி, இரு. இதக் கேளு. அவன் உண்மையா பேசினது வந்திருக்கும்.” ஜெசிந்தா தன் போனைத் திறந்தாள். செய்தி நிறைந்திருந்தது. போட்டாள்.

“ஜெசி, தொட்டிக்குள்ள இருக்கற எச்சரிக்கை மணி அடிக்கல. பட்டன நானே அமுக்கிப் பாத்தேன். மேற்பார்வையாளர்கிட்ட முறைப்படி தெரிவிச்சிட்டேன். என் மேல எந்தத் தவறும் இல்ல.”

ஜெசிந்தா காத்திருந்தாள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. மூக்கு இல்லை, சாம்பார் இல்லை. யாருக்கும் பொருந்தும்படி, யாரையும் உறுத்தாமல், அழகாக முடிந்திருந்தது.

ஸ்டெல்லா முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள்.

“யாரு ஜெசி இது?”